திராட்சைத் தோட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போகாத நாள்

1

போன கிழமை செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் வரைபடப் பகுதிக்கு என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. மகள் வாசுகிக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் வாசுகி, பள்ளியில் விக்கி. பேசியவர் அவளுடைய வகுப்பாசிரியை. பயப்பட ஒன்றுமில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, "உங்கள் மனைவிக்குக் காய்ச்சல் சுகமாகிவிட்டதா?" என்று கேட்டார்.

என் மனைவி தவமணிக்குக் காய்ச்சல் எதுவும் இருக்கவில்லை. நான் வேலைக்குப் புறப்பட்டபோதுகூடப் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

பெற்றோர் ஆசிரியரைச் சந்திக்கும் மாலைக்கு இரண்டு தடவையும் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லையாம். இரண்டு தடவையும் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று விக்கி சொன்னாளாம். வராதவர்களுக்காக அடுத்த வியாழன் மாலை ஆறு மணிக்கு இன்னொரு சந்திப்பு வைத்திருக்கிறார்கள். "அம்மாவைப் பார்க்க எனக்கு விருப்பம். இந்த முறை அவரால் வர முடியுமா?"

"இப்போது நல்ல சுகம். கேட்டதற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு நான் தொலைபேசியை வைத்தேன்.

அது ஒரு வசனம்தான். உண்மையைச் சொல்வதற்கும் அவ்வளவு நேரமே போயிருக்கும். வரைபலகைக்குத் திரும்பி வந்து, பாதி கீறிய தண்ணீர்க் குழாய்ப் படத்தின் முன்னால் இருந்தேன். பேனையில் மை காய்ந்துபோகும்வரை ஒரு கோடும் கீறவில்லை. மகள்மீது கோபம் வரவேண்டும். வரவில்லை. அவள் சொன்ன பொய் அவளுடையதல்ல. நாலு வருசத்துக்கு முன்னால் நான் செய்து வைத்தது.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எங்கள் சம்பளத்தையும் குளிரையும் பற்றி எழுதச் சொல்கிறார்கள். அவற்றை வேறு யாராவது எழுதுவார்கள். இதை நான்தான் எழுதவேண்டும்.

2

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தது எழுபத்து மூன்றில். நான் முதலில் வந்தேன். ஆறு மாதம் கழித்துத் தவமணியும் பிள்ளையும் வந்தார்கள். சிட்னியின் மேற்கே பிளாக்டவுனில் பலகை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அந்தத் தெருவில் எங்களைத் தவிர மண்ணிறத் தோலுடையவர் யாருமில்லை.

என் பெயர் சோதிநாதன். அலுவலகத்தில் அதன் வாலை மட்டும் வைத்துக்கொண்டு நேதன் ஆக்கினார்கள். அது அவர்களுக்கு வேதப் புத்தகத்தில் பழகிய பெயராம். எனக்கு அதில் குறை இருக்கவில்லை. அவர்களைப் போல ஆகிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட இருந்தது.

தவமணி ஊரில், உரும்பிராயில், ஆசிரியையாக இருந்தவள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு வருசம் படிப்பித்தவள். குடிவரவுப் படிவத்தில் "மனைவியின் தொழில்" என்று ஒரு கட்டம் இருந்தது. அவளுடைய சான்றிதழை இங்கே ஏற்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நான் அதில் "வீட்டு வேலை" என்று எழுதினேன். அவள் வந்த பிறகு கல்வித் திணைக்களத்துக்கு எழுதிப் பார்த்தாள். இன்னும் இரண்டு வருசம் படித்தால் யோசிக்கலாம் என்று பதில் வந்தது. "நான் படிக்கட்டோ?" என்று என்னைக் கேட்டாள்.

"பிறகு பாப்பம்" என்றேன். பிறகு பார்க்கவேயில்லை.

அவளுடைய ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். வசனத்தை மனதுக்குள் கட்டி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அதற்குள் எதிரில் நிற்பவர் அடுத்த விசயத்துக்குப் போயிருப்பார். எனக்கு அந்த இடைவெளி பொறுக்காது. அவள் வாய் திறக்குமுன் நான் பதில் சொல்லிவிடுவேன்.

அலுவலகச் சுற்றுலா ஒன்றுக்கு ஒருதடவை அவளைக் கூட்டிப் போனேன். என் பகுதியில் மூத்தவர் கீத். அவருடைய மனைவி ஷெர்லி. அந்த அம்மா தவமணியிடம் வந்து, சிட்னியை எப்படிக் காண்கிறீர்கள் என்று கேட்டாள். ஆங்கிலத்தில் அதைக் கேட்கும் விதத்தில், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் அதற்குப் பொருள் வரும். தவமணி வழக்கம்போல யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கண்டுபிடித்தது என் கணவர். நான் ஆறு மாதம் கழித்து வந்தேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. வீட்டுக்கு வரும்வரை ரயிலில் நான் அவளோடு பேசவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

3

எழுபத்தைந்தாம் ஆண்டு, இங்கே இலையுதிர்காலம் தொடங்கிய நேரம். ஒரு மத்தியானம் கீத் என் மேசைக்கு வந்தார். வருகிற சனிக்கிழமை அவரும் ஷெர்லியும் வடக்கே ஹன்டர் பள்ளத்தாக்குக்குப் போகிறார்களாம். அங்கே வைன் செய்யும் தோட்டங்கள் இருக்கின்றன. அதில் ஒரு தோட்டக்காரர் கீத்துக்குத் தெரிந்தவர். கூட்டம் எதுவும் இல்லை, ஒரு காரில் நாலு பேர். "நீயும் உன் மனைவியும் வாருங்கள். பிள்ளையையும் கொண்டு வரலாம்" என்றார்.

இரண்டு வருசத்தில் ஒரு வெள்ளைக்காரர் எங்களைத் தன் சொந்தக் காரில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அன்று பின்னேரம் முழுக்க வேலை ஓடவில்லை. வருகிறோம் என்றேன். ரயிலில் வீட்டுக்கு வரும்போதுதான் மற்ற யோசனைகள் வந்தன. மூன்று மணித்தியாலம் போக, மூன்று மணித்தியாலம் வர, அதே காரில் தவமணி. அவள் என்ன சொல்லப் போகிறாளோ. சேலைக்கு மேலே எனது பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருவாளே. குடிக்கிற இடத்தில் மூக்கைப் பொத்துவாளோ.

வீட்டில் நான் சொன்னது: "சனிக்கிழமை நியூகாசில் பக்கம் ஒரு வேலை. குழாய் போற பாதையைப் பாக்கவேணும்."

"சாப்பாடு கட்டித் தரட்டோ?"

"ஓம்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் கீத்தின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். தொலைபேசி கூடத்தில் இருந்தது. தவமணி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. மகள் நிலத்தில் குப்புறப் படுத்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நான் குரலைத் தணித்து, மனைவிக்குக் காய்ச்சல், பிள்ளை அவளோடு நிற்கவேண்டும், நான் மட்டும் வருகிறேன் என்று சொன்னேன். என்னைக் கூட்ட பிளாக்டவுன்வரை வரவேண்டாம், ஹோர்ன்ஸ்பிக்கு ரயிலில் வந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

4

ஹோர்ன்ஸ்பி ஸ்ரேசனில் காரின் பின்கதவை ஷெர்லி திறந்து விட்டாள். பின் இருக்கையில் ஒரு மூலையில் தலையணையும் மடித்த கம்பளியும் இருந்தன. அவள் தானும் பின்னால்தான் இருந்தாள்.

"இது உன் மனைவிக்காக வைத்தது. நீண்ட பயணம் அல்லவா. நாங்கள் இருவரும் பின்னால் இருந்து கதைத்துக்கொண்டு வரலாம் என்று நினைத்தேன். சுற்றுலாவில் அவள் சொன்ன பதிலை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? இந்த ஊரை எப்படி என்று கேட்டால் எல்லாரும் அழகு, அழகு என்பார்கள். அவள் ஒருத்திதான் பகிடி விட்டாள்."

நான் முன் இருக்கையில் இருந்தேன். கீத் காரை எடுத்தார். அவள் அதைப் பகிடியாகத்தான் சொன்னாளோ என்று எனக்கு அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை எட்டு வருசம் சிரிக்க வைத்துப் படிப்பித்தவள். நான் அதை யோசித்துப் பார்க்கவே இல்லை.

ஹோக்ஸ்பரி ஆற்றுப் பாலம் கடந்து, மலையேறி, காடு கடந்து போனோம். வழியில் ஓரிடத்தில் நிறுத்திச் சாப்பிட்டோம். ஷெர்லி ஒரு பெட்டியைத் திறந்து, "இதில் இறைச்சி இல்லை. உன் மனைவி மரக்கறிதான் என்று நீ ஒருநாள் கீத்திடம் சொன்னாயாம். நேற்றே செய்துவிட்டேன், நீ சாப்பிடு" என்று தந்தாள். வெள்ளரிக்காயும் சீஸும் வைத்த பாண். என் பையில் தவமணி கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும் இருந்தன. நான் பையைக் காலால் இருக்கைக்குக் கீழே தள்ளினேன்.

முதலில் போனது ஒரு பெரிய தோட்டம். பஸ்களில் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே அதிகம் நிற்கவில்லை. அடுத்துப் போனது கீத்துக்குத் தெரிந்தவருடைய சின்னத் தோட்டம். அவர் பெயர் ரெஜ். எழுபதை நெருங்கிய மனிதர், மனைவியை இழந்தவர், தமக்கையோடு இருந்தார். தகரக் கொட்டகைக்குள் கவிழ்த்து வைத்த பீப்பா ஒன்றின்மேல் நாலு கிளாசுகள் வைத்தார். நான் அதுவரை மது தொட்டதில்லை. வாயில் வைத்துச் சுவைத்துவிட்டு வாளிக்குள் துப்பவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கீத்தும் ஷெர்லியும் துப்பத் துப்ப, எனக்கு அது மரியாதையில்லாததாகத் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் விழுங்கினேன். ஒரு கிளாசைக் காட்டி, "இது உலர்ந்தது" என்றார் ரெஜ். வைனில் இனிப்பில்லாததை அப்படித்தான் சொல்வார்களாம். நான் கிளாசைத் தூக்கிப் பார்த்து, "இல்லையே, இன்னும் இருக்கிறதே" என்றேன்.

மூவரும் சிரித்தார்கள். ரெஜ் என் தோளைத் தட்டினார். அந்தச் சிரிப்பில் கள்ளமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. சுற்றுலாவில் தவமணியைச் சுற்றி நின்றவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள். அன்றைக்கு மட்டும் எனக்கு ஏன் முகம் எரிந்தது?

பிறகு கொடிகளுக்கு நடுவே நடந்தோம். அறுவடை முடிந்து இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. மண் சிவப்பு. ரெஜ் என்னைக் கேட்டார்: "உங்கள் நாட்டில் திராட்சை உண்டா?"

"உண்டு. என் மாமனாரிடம் தோட்டம் இருக்கிறது. தலைக்கு மேலே பந்தல் போட்டு வளர்ப்போம்."

அவர் நின்றுவிட்டார். "குளிரே இல்லாத இடத்திலா? இங்கே குளிர்காலத்தில் கொடி உறங்கும். உறங்கினால்தான் காய்க்கும். உங்களிடம் குளிர்காலம் இல்லையே, அதை எப்படி உறங்க வைக்கிறீர்கள்?"

எனக்குத் தெரியவில்லை. மாமனார் வீட்டுப் பந்தலின் கீழே கதிரை போட்டு இருந்திருக்கிறேன், பழம் தின்றிருக்கிறேன். அவ்வளவுதான். "என் மனைவிக்குத் தெரியும். அவள் சின்ன வயசிலேயே கத்தரிக்கோலோடு பந்தலில் ஏறுவாள்" என்றேன்.

"அவள் எங்கே?"

"காய்ச்சல்" என்றாள் ஷெர்லி, எனக்காக.

ரெஜ் உண்மையாகவே வருந்தினார். ஐம்பது வருசமாகக் கொடி வளர்க்கிறாராம், குளிரில்லாத ஊரில் கொடி வளர்த்த ஒருவரையும் கண்டதில்லையாம். யூலையில் கொடி வெட்டும் காலம், அப்போது கட்டாயம் கூட்டி வா என்றார். உள்ளே போய்த் தமக்கை புளிக்காமல் காய்ச்சி அடைத்து வைத்த திராட்சைச் சாறு ஒரு போத்தலைக் கொண்டு வந்து என் கையில் தந்தார். "காய்ச்சல்காரிக்குக் கொடு."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் போத்தல் என் மடியில் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. குழாய் பார்க்கப் போனவனுக்கு யார் திராட்சைச் சாறு கொடுப்பார்கள்? ஹோர்ன்ஸ்பியில் இறங்கும்போது அதை இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு, மறந்தவன் போல இறங்கினேன். ரயிலில் தனியே இருந்து, குளிர்ந்துபோன ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டேன். வெறும் பெட்டியைத்தான் அவளிடம் கொடுக்கவேண்டும்.

"வேலை முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"ஓம். முடிஞ்சுது."

5

அடுத்த சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுத் தோட்டத்துக்குக் குழாய் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது எங்கள் வாசலில் கீத்தின் கார் நின்றது.

எவ்வளவு நேரம் தெருவிலேயே நின்றேன் என்று தெரியாது. உள்ளே போனேன். கூடத்தில் ஷெர்லி கதிரையில் இருந்தாள். அவளுக்கு முன்னால் தேத்தண்ணியும் முறுக்கும். மேசை நடுவில் திராட்சைச் சாற்றுப் போத்தல். தவமணி வழக்கமான வீட்டுச் சேலையில், முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இடையில் நின்று யோசித்தாள். ஷெர்லி காத்திருந்தாள். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

என்னைக் கண்டதும் ஷெர்லி சொன்னாள்: "நேதன், நீ இதைக் காரில் விட்டுவிட்டாய். உன்னோடு எனக்குக் கோபம். நூற்றியொரு டிகிரிக் காய்ச்சலில் கிடந்தவளைத் தனியே விட்டுவிட்டா எங்களோடு வந்தாய்? சொல்லியிருந்தால் நாங்கள் வேறு நாள் வைத்திருப்போமே."

நான் தவமணியைப் பார்த்தேன். அவள் கேத்தலைத் தூக்கி, "உங்களுக்கும் தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று கேட்டாள்.

ஷெர்லி இன்னும் அரை மணித்தியாலம் இருந்தாள். ரெஜ் கேட்ட கேள்வியையும் சொன்னாள். தவமணி கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்து, ஆசிரியைக் கையெழுத்தில், ஆங்கிலத்தில் மெதுவாகப் பதில் எழுதிக் கொடுத்தாள். தண்ணீரை நிறுத்திவிடுவோம். இலைகளைக் கையால் உருவிக் கொப்புகளை வெட்டிவிடுவோம். கொஞ்ச நாள் கொடி பட்டுப்போனது போல நிற்கும். பிறகு தண்ணீர் விட்டால் குருத்தோடு பூவும் வரும். எங்களிடம் குளிர்காலம் இல்லை, அதைக் கத்தரிக்கோலால் செய்வோம் என்று முடித்திருந்தாள். ஷெர்லி அதை உரக்க வாசித்துவிட்டுக் கைப்பையில் பத்திரமாக வைத்தாள்.

கார் போன பிறகு, கிளாசுகளை எடுத்துக்கொண்டே தவமணி சொன்னாள்: "காய்ச்சல் எவ்வளவு இருந்தது எண்டு கேட்டவ. நீங்கள் எனக்குச் சொல்லி வைக்கேல்லை. நான் நூற்றியொண்டு எண்டு சொன்னன். அது காணுமோ, இன்னும் கூட்டிச் சொல்லியிருக்கவேணுமோ?"

"தவம், நான் என்னெண்டால்... அங்கை எல்லாரும் குடிக்கிற இடம். உமக்குப் பிடிக்காது எண்டுதான்."

அது நான் சொன்ன மூன்றாவது பொய். அவள் என்னை ஒருதடவை பார்த்தாள்.

"தேத்தண்ணி ஆறுது" என்றாள்.

அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒரு சொல்தான். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

6

அதற்குப் பிறகு அவள் சண்டை பிடிக்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. சட்டை மடிப்புக் குலையாமல் இருந்தது. அலுவலகத்தில் விருந்து என்றால் மட்டும், "நீங்கள் போட்டு வாங்கோ" என்றாள். ஷெர்லி ஒவ்வொரு யூலையும் தொலைபேசி எடுத்து, ரெஜ் கேட்கிறார், கொடி வெட்ட வருகிறாயா என்று கேட்டாள். தவமணி நன்றி சொல்லி, வேலை இருக்கிறது என்றாள். ரெஜ்ஜிடமிருந்து ஒரு அட்டை வந்தது. பெரிய கோணல் எழுத்தில், அவள் எழுதியபடி ஒரு கொடியை மட்டும் குளிர் படாமல் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துச் செய்து பார்த்ததாகவும், ஒரே வருசத்தில் இரண்டு தடவை காய்த்ததாகவும் எழுதியிருந்தார். அதை அவள் எனக்குக் காட்டவில்லை. துணி அலுமாரியில் எதையோ தேடும்போது கண்டேன்.

இன்னொன்றும் நடந்தது. அதை நான் கண்டுபிடிக்க ஒரு வருசம் சென்றது. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவியோடு வேலிக்கு மேலால் தவமணி ஆங்கிலத்தில் கலகலவென்று கதைப்பாள். கைகளை ஆட்டிச் சிரிப்பாள். நான் பின்கதவைத் திறந்தால் நிறுத்திவிடுவாள். கிழவிக்குத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். எனக்கு முன்னால் மட்டும் அவளிடம் ஆங்கிலம் இருக்கவில்லை.

வாசுகி எங்களோடு தமிழில் கதைப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். தாய் தமிழில் கேட்பாள், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சாப்பாட்டுப் பெட்டியில் பாணும் பட்டரும் மட்டும் போதும் என்றாள். பள்ளிக்கு அருகே காரை நிறுத்தவேண்டாம், முதல் திருப்பத்தில் இறங்குகிறேன் என்றாள். வளர்கிற பிள்ளைகள் இப்படித்தான் என்று நானே எனக்குச் சமாதானம் சொன்னேன்.

7

தொலைபேசி வந்த அன்று பின்னேரம் மகளை நூல்நிலையத்திலிருந்து காரில் கூட்டி வந்தேன். வழியில் காரை ஓரமாக நிறுத்தினேன்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் எண்டு ஏன் ரீச்சருக்குச் சொன்னனீ?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலத்தில், சத்தம் போடாமல் சொன்னாள்: "நீங்கள்தானே கீத் அங்கிளுக்குச் சொன்னீர்கள். நான் அங்கேதான் இருந்தேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா."

நான் காரின் இஞ்சினை நிறுத்தினேன்.

"காய்ச்சல் என்றால் எல்லாரும் நம்பிவிடுவார்கள். அதனால்தான் அதைச் சொன்னேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து, தவமணி தனியாக இருந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட விசயத்தைச் சொன்னேன். அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள். "ரெண்டு தரமும் பள்ளிக்கூடக் கடிதம் அவளின்ரை பையுக்கை கிடந்தது. வாசிச்சுப்போட்டு அப்பிடியே வைச்சனான்."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டு என்ன செய்ய? அவளுக்கு நான் வாறது வெக்கம். உங்களுக்கும் அப்பிடித்தான். இந்த வீட்டிலை நீங்கள் ரெண்டு பேரும் ஒரே மாதிரி."

"அண்டைக்கு நான் செய்தது பிழை, தவம்."

இப்போது கை நின்றது. கத்தியைக் கீழே வைத்தாள். "நாலு வருசம் எடுத்திருக்கு உங்களுக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இந்த யூலையிலை அந்தத் தோட்டத்துக்குப் போவம். நானே கூட்டிக்கொண்டு போறன். நீர் வாறீரோ?"

வெட்டிய துண்டுகளை அள்ளித் தண்ணீருக்குள் போட்டாள். பிறகு, "ஓம், போவம்" என்றாள். "அந்த மனிசன் கொடியைக் கண்ணாடிக் கூட்டுக்கை வைச்சு வளத்தவர். அதை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு எனக்கும் இருந்தது."

நான் அப்போதே ஷெர்லிக்குத் தொலைபேசி எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். ரெஜ் போன குளிர்காலத்திலேயே இறந்துவிட்டாராம். தோட்டத்தை ஒரு கம்பனி வாங்கிப் பழைய கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டதாம். "அவளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், நேதன். ஒவ்வொரு முறையும் வேலை இருக்கிறது என்றாள். அவளுக்கு அதில் அக்கறை இல்லையாக்கும் என்று விட்டுவிட்டேன்."

தவமணியிடம் சொன்னேன். அவள் கதிரையில் இருந்தாள்.

"கடைசியிலை ஆர் பக்கத்திலை இருந்தது?"

"தமக்கையாம்."

"ம்" என்றாள். எழும்பிப்போய்க் கத்தரிக்காயை வெட்டி முடித்தாள்.

வியாழக்கிழமை நான் நேரத்தோடு வேலையால் புறப்பட்டேன். மூவருமாகப் பள்ளிக்கூடம் போவதாக நான் முடிவு செய்திருந்தேன். அதையும் நானாகத்தான் முடிவு செய்தேன், அவளிடம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது வாசுகி தனியாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாள். அதை நிறுத்தி வைத்திருந்தாள்.

"அம்மா எங்கை?"

"பள்ளிக்கூடத்துக்குப் போட்டா. பஸ்ஸிலை." வெகுகாலத்துக்குப் பிறகு அவள் தமிழில் சொன்னாள். "என்னை வாறியோ எண்டு கேட்டவ. நான் பேசாமல் இருந்திட்டன்."

இருவருமாகக் காரில் போனோம். வாசுகி முதல் திருப்பத்தில் இறங்கவேண்டும் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூட நடையில் வெளிச்சமாக இருந்தது. அவளுடைய வகுப்பறைக் கதவில் கண்ணாடி பதித்திருந்தது. அதனூடாகப் பார்த்தோம்.

பிள்ளைகள் இருக்கும் சின்னக் கதிரை ஒன்றில் தவமணி இருந்தாள். பச்சைச் சேலை, மேலே எனது பழைய ஸ்வெட்டர். எதிரே ஆசிரியை. மேசையில் யாரோ பிள்ளைகளின் கொப்பிகள் விரித்துக் கிடந்தன. தவமணி ஒன்றைத் திருப்பி, ஒரு இடத்தில் விரலை வைத்து, ஏதோ கேட்டாள். ஆசிரியை தலையைக் குனிந்து பார்த்துவிட்டு, கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள். தவமணி நிறுத்தினாள். யோசித்தாள். ஆசிரியை காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். என் வாயில் அவளுக்காக ஒரு சொல்லும் வரவில்லை.

கதவைத் தட்ட எனக்குத் துணிவு வரவில்லை. வாசுகி கைப்பிடியில் கையை வைத்து, பிறகு எடுத்துவிட்டாள். நடையில் எங்களுக்குப் பக்கத்தில் வேறு ஒரு தாயும் தகப்பனும் தங்கள் முறைக்காக நின்றார்கள். நாங்கள் யாருடைய ஆட்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

கதவு திறந்தது. தவமணி எங்களைக் கண்டாள். கண்டு ஆச்சரியப்படவில்லை. ஆசிரியையின் பக்கம் திரும்பி, வசனத்தை மனதுக்குள் கட்டி முடித்துவிட்டு, என் முன்னாலேயே, ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்:

"இவர் என் கணவர். இவள் என் மகள்."

நாங்கள் இருவரும் ஆசிரியைக்குக் கை கொடுத்தோம்.